ஈர்க்குக் கால்கள்

மேசை மேல் ஒரு பலகை. பலகையின் ஒரு பக்கம் தெர்மாகோல் பாறை, வெள்ளையாக. பாறைக்கும் பலகை விளிம்புக்கும் நடுவே நான்கு விரல் இடம்.

அங்கேதான் பாலம் வர வேண்டும்.

இப்போதைக்குக் காற்று இருக்கிறது.

*

மின்விசிறி நின்றிருக்கிறது. சுற்றினால் மரத்தூள் பறக்கும்.

முதுகில் வியர்வை மெல்ல இறங்குகிறது. இறங்குவது தெரிகிறது. துடைக்கவில்லை.

வெளியே நெடுஞ்சாலை. கார்களை இரண்டடுக்காக ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று கியர் மாற்றுகிறது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அதிர்வு மேசைக்கு வருகிறது, விரலுக்கு வருகிறது. போகிறது.

*

இந்தப் பென்னலூரில் ரயில் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் இல்லை. ஆவடியிலிருந்து இந்த வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு பாதை, வெகுகாலமாகக் காகிதத்தில் இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் செய்யும் கார்களில் ஒரு பகுதி வாலாஜாபாத் போய் ரயிலேறுகிறது. ஏற்றிப்போகும் பெட்டிகளில் பல, பழைய பயணிகள் பெட்டிகள். இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களை அடைத்து, கடைசிச் சுவரைக் கதவாக்கியிருக்கிறார்கள்.

மனிதர்கள் உட்கார்ந்து போன இடத்தில் கார்கள் உட்கார்ந்து போகின்றன.

*

மரம், கள்ளிப்பெட்டி மரம். சாலையோரத்தில் பேலட்டுகளைப் பிரித்துக் குவித்து விற்கிறார்கள். பைன். எங்கிருந்தோ இயந்திரத்தையோ உதிரிப்பாகத்தையோ சுமந்து வந்தது.

ஒரு சட்டத்தில் முத்திரை இருக்கிறது. கோதுமைக் கதிர் ஒன்று, பக்கத்தில் எச்.டி. என்று இரண்டு எழுத்து. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி, 30 நிமிடம் சூடு காட்டியாயிற்று என்று பொருள். உள்ளே இருக்கும் புழு கடல் தாண்டக் கூடாது.

முத்திரை உள்ள துண்டை அறுக்கவில்லை. ஒதுக்கி வைத்திருக்கிறது. காரணம் எதுவும் இல்லை.

*

ரம்பம் போகும்போது வாசனை வருகிறது. குளிர்ந்த தேசத்து மரத்தின் வாசனை.

மூக்கு அதை ஊர் கேட்காமல் உள்ளே விடுகிறது.

*

கால்களுக்கு மட்டும் பைன் ஒத்துவரவில்லை. எவ்வளவு சீவினாலும் சதுரம். பழைய மரப்பாலங்களின் கால்கள் பெரும்பாலும் முழு மரம். பட்டை உரித்த தண்டு. அடி பருத்து, நுனி சிறுத்து.

துடைப்பத்தில் இருக்கிறது அது. தென்னை ஈர்க்கு. அடியில் மூன்று மில்லிமீட்டர், மேலே போகப் போக இரண்டு, ஒன்று. யாரும் சீவாமலே சரியான சரிவு.

பழைய ஈர்க்கு நல்லது. தேய்ந்து, சாம்பல் ஏறி, மழையில் நின்ற மரத்தின் நிறம் வந்திருக்கிறது.

*

1:87.

நிஜத்தில் 87 அடி, இங்கே ஓர் அடி. உலகெங்கும் மேசை ரயில் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பிடித்திருக்கும் அளவு இது. புனேயில் ஜோஷி குடும்பத்தின் சிறு ரயில் அருங்காட்சியகமும் 1998-லிருந்து இந்த அளவில்தான். அங்கே விளக்கெரிகிறது, கைகாட்டி இறங்குகிறது, வண்டிகள் நேரத்துக்கு ஓடுகின்றன.

இங்கே எதுவும் ஓடவில்லை. ஓடும் என்ற எண்ணம் ஒன்று வருகிறது. அதையும் ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். கடக்கிறது.

*

மீட்டர் பாதை. 1,000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. கடையில் கிடைக்கும் தண்டவாளம் 12.

மிச்சம் அரை மில்லிமீட்டர். நிஜத்தில் அது நான்கு சென்டிமீட்டருக்கு மேல். நிஜ வண்டி கவிழ அது போதும்.

இங்கே கண்ணுக்கே தெரியவில்லை.

*

நீலகிரி மலைப்பாதையைச் செய்திருக்கலாம். அதுவும் மீட்டர் பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், வழியில் 250 பாலங்கள், 16 குகைகள். 1899-ல் குன்னூர், 1908-ல் ஊட்டி. எல்லோருக்கும் பிடித்த ரயில். எனக்கும்.

ஆனால் அங்கே கண்ணில் படுவது கல் தூணும் இரும்பு உத்தரமும். மழையும் கரையானும் உள்ள நாட்டில் மரக்கால்களை நம்பி ரயில் விடுவது அபூர்வம்.

மரம் அவசரத்தின் பொருள். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளத்தாக்குகளை அப்படித்தான் கடந்தார்கள். பக்கத்துக் காட்டை வெட்டி நட்டு, மேலே தண்டவாளம் போட்டு, வண்டி ஓட்டி, காசு வந்த பிறகு அதே வண்டியில் மண் கொண்டுவந்து பாலத்தின் மேலிருந்தே கொட்டினார்கள். கொட்டக் கொட்டப் பள்ளம் மேடானது. பாலம் உள்ளே நின்றபடியே மூடப்பட்டது.

இப்போது பார்த்தால் புல் முளைத்த வெறும் கரை. உள்ளே வரிசையாகக் கால்கள்.

*

இந்தப் பலகையில் வருவது சயாமில், இன்றைய தாய்லாந்தில், இருக்கும் பாலம். வாம்போ. குவே நோய் ஆற்றின் ஓரம், சுண்ணாம்புப் பாறையை ஒட்டி, தண்ணீருக்கும் பாறைக்கும் நடுவே தொங்குகிற மாதிரி வளைந்து போகும் மரப்பாலம். 1943 மார்ச், ஏப்ரலில் கட்டியது.

இன்றும் அதன் மேல் ரயில் போகிறது. ஊர்ந்து போகிறது. ஒரு பக்க ஜன்னலில் கை நீட்டினால் பாறை. மறுபக்க ஜன்னலில் ஆறு.

*

பாலத்தின் புகைப்படம் மேசையில் இருக்கிறது. பார்க்கும்போது கால்களை எண்ணத் தொடங்குகிறது கண். பாதியில் விட்டுவிடுகிறது. மறுபடி எண்ணுகிறது.

*

ஒரு சட்டம்: நேராக இரண்டு கால். வெளிப்பக்கம் சாய்ந்து இரண்டு கால். தலையில் ஒரு உத்தரம். குறுக்கே பெருக்கல் குறியாக இரண்டு பட்டை.

இப்படி ஒன்று. பிறகு அதே மாதிரி இன்னொன்று.

சாய்கால்தான் எல்லாம். வளைவில் வண்டி போகும்போது எடை கீழே மட்டும் இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ளக் கால் அகட்டி நிற்கிறது.

*

எல்லாச் சட்டமும் ஒன்றுபோல் வர ஒரு அச்சு தேவை. அட்டையில் கோடு வரைந்து, கோட்டின் இருபுறமும் சின்னத் துண்டுகள் ஒட்டி, நடுவில் பள்ளம் விட்டிருக்கிறது. ஈர்க்கைப் பள்ளத்தில் வைத்தால் அதற்கு வேறு இடம் இல்லை.

இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இதை ஜிக் என்பார்கள். கதவோ கூரையோ, வெல்டிங் ஆகும் வரை அதைப் பிடித்துக்கொண்டிருப்பது. பிடி தளர்ந்ததும் பாகம் வெளியே போகிறது. ஜிக் அங்கேயே இருக்கிறது, அடுத்ததற்கு.

அச்சில் ஃபெவிகால் படிந்து தடித்துக்கொண்டு வருகிறது.

*

ஃபெவிகால் வெள்ளையாக இருக்கிறது. காயக் காயக் கண்ணாடியாகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு நேரம் இருக்கிறது.

அதைப் பார்க்க உட்கார்ந்தால் அது வருவதில்லை. வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் வந்து போயிருக்கிறது.

*

விரல் நுனியில் காய்ந்த பசைத் தோல். உரிக்கிறேன். ரேகை அதில் பதிந்திருக்கிறது.

*

வாம்போ வழியாகப் போட்ட அந்தப் பாதை 415 கிலோமீட்டர். சயாமிலிருந்து பர்மாவுக்கு. 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் சேர்ந்தன. சில இரும்புப் பாலங்கள் தவிர மற்றவை மரம்.

வாம்போவைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியர் பிடித்த போர்க்கைதிகள். பாதை நெடுக வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெருங்கூட்டம் மலாயாவின் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள்.

சில மாத வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள்.

தண்டவாளமும் மலாயாவிலிருந்து போனது. கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்து ஏற்றினார்கள். மலாயாவின் ரயில்பாதைகளில் தமிழர் கை படாத பாதை குறைவு. போட்டதும் அவர்கள். பிறகு அதே இரும்பின் பின்னால் வடக்கே போனதும் அவர்கள்.

*

ஈர்க்கை வெட்டும்போது ஒரு சத்தம். டிக்.

*

அங்கே சயாமில் கால் இறக்குவதற்கு ஒரு சாரம். சாரத்தின் உச்சியில் கப்பி. கப்பியில் கயிறு, கயிற்றின் முனையில் இரும்பு எடை. ஆட்கள் வரிசையில் நின்று எண்ணிக்கைக்கு இழுக்கிறார்கள். எடை மேலே போகிறது. விடுகிறார்கள். மரம் விரற்கடை இறங்குகிறது. மறுபடி இழுக்கிறார்கள்.

நாள் முழுக்க.

இங்கே கட்டைவிரலால் அழுத்தினால் ஈர்க்கு தெர்மாகோலில் இறங்கிவிடுகிறது. நறநறவென்று சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

*

நீளம் 87-ல் ஒன்று. எடை அப்படிக் குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து குறைகிறது. 87-ஐ மூன்று முறை பெருக்கினால் 6,58,503.

ஓர் அடித் தடிமன், 20 அடி நீளம், தேக்குச் சட்டம். ஏறத்தாழ 360 கிலோ. யானை இழுக்க வேண்டும். அங்கே யானைகளும் இழுத்தன. யானை இல்லாத இடத்தில் தோள்கள்.

இந்த அளவில் அது அரை கிராம்.

உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன். கைக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாததைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறேன்.

*

சின்னதாக ஆக ஆக எல்லாம் தேவைக்கு மேல் உறுதி. இந்தப் பாலத்துக்குக் குறுக்குப் பட்டையே வேண்டாம். பசை காயாமல் இருந்தாலும் நிற்கும்.

இருந்தும் பட்டை போடுகிறேன். ஒவ்வொன்றாக.

*

மரத்தோடு மரத்தை அங்கே ப வடிவ இரும்பு முளைகளால் பிணைத்திருக்கிறார்கள். ஒரு கால் உத்தரத்தில், ஒரு கால் தூணில், சம்மட்டியால் அடித்து.

ஸ்டேப்ளர் பின் பிறக்கும்போதே ப. கொஞ்சம் தடிப்புதான், இந்த அளவுக்கு இன்னும் மெலிந்திருக்கலாம். அதன் கால்களை நறுக்கி, இடுக்கியில் பிடித்து, இரண்டு ஈர்க்குக்கும் நடுவே குத்தும்போது மூச்சு தானாக நிற்கிறது.

குத்திய பிறகு வருகிறது.

*

மின்சாரம் போகிறது.

ஃபேன் ஏற்கெனவே நின்றிருப்பதால் விளக்கு மட்டும் அணைகிறது. இருட்டில் இடுக்கியைக் கீழே வைக்க இடம் தேடவில்லை. கையிலேயே இருக்கிறது. உலோகம் மெல்லக் கையின் சூட்டுக்கு வருகிறது.

தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிடவில்லை.

விளக்கு வருகிறது.

*

பைன் சட்டங்கள் புத்தம்புதிதாக மஞ்சளடித்து நிற்கின்றன. அவற்றை வயதாக்க வேண்டும்.

துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறப்போட்ட தண்ணீர் ஒரு பாட்டிலில். தேயிலை டிகாஷன் ஒரு டம்ளரில். பைனில் துவர்ப்பு குறைவு. அதற்கு முதலில் டிகாஷன் பூசி உலர விட வேண்டும். பிறகு ஆணித் தண்ணீர்.

பூசியதும் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு ஓரத்தில் தொடங்கி, ரேகை வழியாக, சாம்பல் வருகிறது. பல வருட மழை சில நிமிடத்தில்.

டிகாஷன் பட்ட தூரிகையும் ஆணித் தண்ணீர்த் தூரிகையும் ஒரே தண்ணீரில் கழுவினால் தண்ணீர் கறுத்துவிடுகிறது. பழைய காலத்து மை இப்படித்தான் செய்திருக்கிறார்கள், கடுக்காயும் இரும்பும் கலந்து.

*

பாறை.

பேக்கிங்கில் வந்த தெர்மாகோல், கத்தியால் செதுக்கியது. மேலே சுவர்ப் புட்டி. புட்டி இறுகும் முன் கசக்கிய அலுமினியத் தாளை அழுத்தி எடுத்தால் முகம் பிளந்த சுண்ணாம்புக் கல் வருகிறது. ஒரே தாளைத் திருப்பித் திருப்பி அழுத்துகிறேன். ஒவ்வொரு முறையும் வேறு பாறை.

மிகவும் தண்ணீர் விட்ட கறுப்பு. அது பள்ளங்களைத் தானாகக் கண்டுபிடித்துப் போய் உட்காருகிறது. மேடுகள் வெளுப்பாக மிஞ்சுகின்றன. நடுவில் காவி ஒரு கோடு, மேலிருந்து கீழாக, மழைநீர் வழிந்த தடம்.

இந்த வேலையில் கைக்கு அதிகம் வேலையில்லை. தண்ணீருக்குத் தெரிந்திருக்கிறது.

*

பாறையில் தொங்கும் வேர்களுக்கு வெட்டிவேர். ஒவ்வொன்றாகப் பிரித்து ஒட்டும்போது ஈரம் பட்டு மணக்கிறது.

சயாம் காட்டில் கோடைகாலப் பானைத் தண்ணீரின் வாசனை.

*

கொலுவில் பார்க் வைக்கும் வீடுகளில் மணல் கொட்டி, கேழ்வரகும் கடுகும் தூவி, தண்ணீர் தெளித்துவிடுவார்கள். மூன்றாம் நாள் பச்சை. கண்ணாடித் துண்டு குளம். குளத்தைச் சுற்றி சாவி கொடுத்தால் ஓடும் ரயில்.

அங்கே அளவு என்று ஒன்று கிடையாது. செட்டியார் பொம்மை கோயில் கோபுரத்தைவிட உயரம். அவர் முன்னால் பரப்பிய பருப்பு ஒவ்வொன்றும் ரயில் சக்கரம் அளவு. வாத்து படகைவிடப் பெரியது. யாரும் கேட்டதில்லை. எல்லாம் ஒரே ஊரில் இருந்தது.

1:87 என்ற எண்ணுக்கு அந்த ஊரில் இடமில்லை. ஒரு நிமிடம் அது நிம்மதியாக இருக்கிறது.

*

மூங்கில் புதருக்குக் கேழ்வரகையே விதைத்திருக்கிறது, பாறையின் காலடியில், தேங்காய் நார்த்தூளில். முளை ஆறு சென்டிமீட்டர் வளர்ந்தால் நிஜத்தில் ஐந்து மீட்டருக்கு மேல். இளமூங்கிலுக்குச் சரி.

வளர்ந்த பிறகு வாடும். வாடினால் பழுப்பு. அந்தக் காட்டுக்கும் வெயில்காலம் உண்டு.

இப்போது ஒன்றும் தெரியவில்லை. நார்த்தூள் ஈரமாக இருக்கிறது.

*

காலை ஷிஃப்ட் பஸ்கள் போகத் தொடங்குகின்றன. ஒன்றன்பின் ஒன்று. உள்ளே நீல விளக்கு, ஜன்னலில் சாய்ந்து தூங்கும் தலைகள். ஒடிசா, பீகார், தருமபுரி, திருவண்ணாமலை. பக்கத்து வீட்டு மாடியில் ஒரு அறைக்கு ஆறு பேர். சட்டைகள் கொடியில்.

எண்ணம் அங்கேயிருந்து மலாயாத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயத்துக்குத் தாவுகிறது. இரண்டையும் சேர்க்கப் பார்க்கிறது.

சேர்க்கவில்லை. இந்தப் பையன்கள் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போகிறார்கள். அது வேறு. தாவியது மட்டும் உண்மை.

*

போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல் வெட்டி, பூச்செடி வைத்து, வெண்கலப் பட்டையில் பெயர், படைப்பிரிவு, வயது.

ரப்பர் தோட்டங்களிலிருந்து போனவர்களில் இறந்த பெரும்பாலோருக்குக் குழி இருந்த இடமே தெரியாது. 1943 மழையில் காலரா வந்தபோது முகாம் முகாமாக.

ஆற்றுக்கு வண்ணம் குழைக்கிறேன். நடுவில் ஆழப் பச்சை. கரைக்கு வர வர மண்.

*

பச்சை கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. காய்ந்தால் குறையும்.

*

தண்டவாளத்துக்குக் கீழே கட்டைகள். ஐஸ் குச்சியை நீளவாக்கில் பிளந்து, 21 மில்லிமீட்டரில் நறுக்கியது. ஆறடிக் கட்டை.

ஒட்டும்போது ஒழுங்காக வைக்கக் கூடாது. ஒன்று அரை மில்லிமீட்டர் வெளியே, ஒன்று சற்றுச் சாய்வாக. மரக்கட்டைப் பாதை அப்படித்தான் இருக்கும். கை ஒழுங்குக்கே போகிறது. கோணலாக வைக்கத்தான் கவனம் தேவைப்படுகிறது.

*

பாலத்தில் ஜல்லி கிடையாது. கட்டைகளுக்கு நடுவே வெளி. மேலிருந்து பார்த்தால் கட்டை, வெளி, கட்டை, வெளி. வெளியின் வழியே கீழே ஆறு.

பாலம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் மட்டும் ஜல்லி. எம்-சாண்டைச் சலித்து, மாவுச் சல்லடையில் நின்றதை எடுத்துத் தூவி, அதன் மேல் தண்ணீர் விட்ட ஃபெவிகால், சொட்டுச் சொட்டாக. அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு. சோப்பு இல்லாவிட்டால் சொட்டு உருண்டு நிற்கும், உள்ளே போகாது. இருந்தால் தொட்டதும் பரவி மறைந்துவிடுகிறது.

மறைவதைப் பார்ப்பதில் ஒரு சுகம். அதற்காகவே இன்னும் ஒரு சொட்டு.

*

1:87-ல் ஒரு ஆள் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடைகளில் கிடைக்கிறார்கள். தொப்பி போட்டவர்கள், பெட்டி தூக்கியவர்கள், கொடி காட்டுகிறவர்கள், பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஜெர்மன் ஸ்டேஷனில் நிற்க வேண்டியவர்கள்.

பாலத்தில் ஆட்களை வைக்கலாமா என்ற கேள்வி இருக்கிறது. களிமண்ணில் செய்யலாம். கோவணம், தலையில் துண்டு. எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. ஒருவரை வைத்தால் அவர் யாராகவோ ஆகிவிடுவார். நிறையப் பேரை வைத்தால் கூட்டம்.

வைக்காமலும் விடலாம். அப்போது இது சுற்றுலாக்காரர் எடுத்த படம்.

களிமண் ஈரத்துணியில் சுற்றி இருக்கிறது. துணி காய்ந்தால் நனைக்கிறேன்.

*

ஆற்றுப் பக்கம் கால்கள் முடிந்தன. பாறைப் பக்கத்தில் கால்கள் குட்டை. சில இடத்தில் காலே இல்லை, உத்தரம் நேராகப் பாறை மேல் உட்காருகிறது. அங்கே புட்டியைக் கொஞ்சம் சுரண்டித் தட்டையாக்க வேண்டும்.

ஈர்க்கு தீர்ந்துவிட்டது. புதுத் துடைப்பம் வாங்கினால் பச்சையாக இருக்கும், அடி மட்டும் நன்றாகப் பருத்திருக்கும். அதற்கும் ஆணித் தண்ணீர் பிடிக்குமா என்று ஒரு துண்டில் பூசிப் பார்க்க வேண்டும்.